காற்றுக்குப் பெயரிட்ட கதை



ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துக் காற்றையும் புயலையும் குறிக்கும் சொற்களைத் தேடினால், அவற்றின் தொகை நம்மை வியக்க வைக்கும். பிரீஸ், கேல், ஸ்குவோல், ஸ்டோர்ம், டெம்பெஸ்ட், ஹரிக்கேன், டைபூன், டோர்னாடோ, மொன்சூன், சைக்ளோன் என்று அந்த வரிசை நீண்டு செல்கின்றது. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் இவற்றுட் பெரும்பாலானவற்றைப் 'புயல்' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவர். ஆனால் இச்சொற்களுள் ஒன்றேனும் மற்றொன்றின் இடத்தில் நிற்கத்தக்கதன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊரும் உறவும் வரலாறும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலிலே ஆங்கிலேயரின் சொந்தச் சொத்து எது என்று பார்ப்போம். விண்ட் என்பதும் ஸ்டோர்ம் என்பதும் அம்மொழியின் ஆதிச் சொற்கள். விண்ட் என்ற சொல்லுக்கு வேராக அமைந்தது 'வீசுதல்' என்ற பொருளுடைய பழைய வேர்ச்சொல் ஆகும். இலத்தீனின் வெந்துஸ் என்பதும் வடமொழியின் வாதம் என்பதும் அதே வேரிற் கிளைத்தவை. ஸ்டோர்ம் என்பது ஜேர்மானிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சொல்; கலக்குதல், கிளறுதல் என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு காட்டுவர்.

விண்ட் என்ற சொல்லின் பிள்ளை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. யன்னலைக் குறிக்கும் விண்டோ என்ற சொல், வடகடல் நாட்டாரின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் நேர்ப்பொருள் 'காற்றின் கண்' என்பதாகும். தமிழிலும் யன்னலுக்குக் 'காலதர்' என்றொரு பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் அதனைக் காணலாம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அங்கே கண், இங்கே வழி. ஒருவரை ஒருவர் அறியாத இரு கூட்டத்தார், சுவரிலே ஒரு துவாரம் விட்டபோது முதலில் நினைத்தது வெளிச்சத்தை அல்ல, காற்றையே என்பது எவ்வளவு சுவையான செய்தி!

இந்தச் சொந்தச் சொற்களுக்கு அப்பால் உள்ளவற்றுட் பல கடல் வழியாக வந்தவை. பிரீஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய, போர்த்துக்கேய மாலுமிகளிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றதாகக் கருதப்படுவது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று என்பதே அதன் பழைய பொருள். நாம் வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசை நோக்கிக் காற்றுக்குப் பெயரிட்டது போலவே அதுவும் ஒரு திசைப் பெயராகத்தான் பிறந்தது. பிற்காலத்தில் திசை மறைந்து, மெல்லிய காற்று என்ற பொருள் மட்டும் எஞ்சியது.

கேல் என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. மாலுமியின் வாயில் அது பாய்மரத்தைச் சோதிக்கும் கடுங்காற்று. ஆனால் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் பாடல்களிலே அதே சொல் மலர்மணம் சுமந்து வரும் இளங்காற்றாகி விடுகின்றது. துறைமுகத்தில் ஒரு பொருள், பூங்காவில் ஒரு பொருள். கவிதைக்கு இதனால் கேடில்லை. ஆனால் 'நாளை கேல் வீசும்' என்று எவரேனும் அறிவித்தால், கேட்பவர் வள்ளத்தைக் கரையேற்றுவதா, உலாவப் புறப்படுவதா?

இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன். ஏனெனில் ஆங்கிலக் காற்றுச் சொற்களின் வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

ஹரிக்கேன் என்ற சொல், கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளான தைனோ மக்களுடையது. கொலம்பஸ் 1492இல் அவர்களுடைய கரைகளில் இறங்கினார். ஐரோப்பியர் அதற்குமுன் கண்டிராத அப்பெருங்காற்றுக்கு ஐரோப்பிய மொழிகளிற் பெயர் இருக்கவில்லை. ஆகவே அம்மக்களின் சொல்லையே ஸ்பானியர் 'ஹுரக்கான்' என்று எடுத்துக்கொண்டனர்.

1502ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் இங்கு நினைக்கத் தக்கது. தம் நான்காவது பயணத்தில் சாந்தோ தொமிங்கோ துறையை அடைந்த கொலம்பஸ், வானத்திலும் கடலிலும் தோன்றிய அறிகுறிகளைக் கண்டு புயல் வரப்போகின்றது என்று உணர்ந்தார். துறைமுகத்தில் ஒதுங்க இடம் கேட்டார். ஸ்பெயினுக்குப் புறப்படவிருந்த ஏறத்தாழ 30 கப்பல்களைத் தாமதிக்கும்படியும் சொல்லி அனுப்பினார். தேசாதிபதி ஒவாண்டோ இரண்டையும் மறுத்தார். கப்பல்கள் புறப்பட்டன; அவற்றுட் பெரும்பாலானவை பொன்னோடும் மனிதரோடும் கடலில் அமிழ்ந்தன. ஒதுக்கிடம் தேடி ஓரமாக நின்ற கொலம்பஸின் நான்கு கப்பல்களும் தப்பின. சொல்லைத் தீவிலே கற்றுக்கொண்டவர்கள், அந்தச் சொல் சுமந்திருந்த எச்சரிக்கையைக் கற்றுக்கொள்ளவில்லை.

பின்னர் வந்த சில தசாப்தங்களில் அடிமை வேலையாலும் கொடுமையாலும் கொள்ளை நோயாலும் தைனோ மக்களுட் பெரும்பகுதியினர் மாண்டுபோயினர். எஞ்சியவை சில சொற்கள். கனூ என்ற தோணியும், ஹமொக் என்ற தொங்கு படுக்கையும், ஹரிக்கேன் என்ற காற்றும் அவற்றுட் சில. ஒரு மக்கட் கூட்டம் அழிந்த பின்னும் அது வைத்த பெயரை உலகம் உச்சரித்துக்கொண்டிருப்பது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று எனலாம்.

ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், தொடக்கத்தில் ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுதியவர்கள் தத்தம் காதில் விழுந்தபடி பலவாறு எழுதினர். பொருளும் தடுமாறியது. சேக்ஸ்பியர் தம் நாடகமான 'ட்ரொய்லஸும் கிரெசிடாவும்' என்பதில் இச்சொல்லின் ஒரு வடிவத்தைக் கடலிலிருந்து தூண்போல எழும் நீர்ச்சுழலுக்கு வழங்கியுள்ளார்.

கீழைக்கடலுக்கு வருவோமாயின் டைபூன் என்ற சொல் எதிர்ப்படும். கிரேக்க புராணத்தின் டைபோன் என்னும் அசுரன், அரபியரின் தூபான், போர்த்துக்கேயரின் துபாவ், 'பெருங்காற்று' எனப் பொருள்படும் சீனத் தொடர் ஆகிய எல்லாம் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மொன்சூன் என்பது 'பருவம்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகிய மௌசிம் என்பதிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. நாமும் அதனைப் பருவக்காற்று என்றே வழங்குகின்றோம். டெம்பெஸ்ட் என்ற சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லும் 'காலம்' என்பதன் அடியாகவே பிறந்தது. டோர்னாடோ என்பது இடிமுழக்கத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல், 'திரும்புதல்' என்ற இன்னொரு சொல்லோடு மயங்கி உருவானது.

இவ்வாறு உலகின் பல கரைகளிலிருந்தும் சொற்கள் வந்து குவிந்தன. ஆனால் குவியல் வேறு, ஒழுங்கு வேறு. ஒழுங்கின் தேவையை இங்கிலாந்துக்கு உணர்த்தியது 1703ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெரும்புயல். தென் இங்கிலாந்தைத் தாக்கிய அப்புயலில் கடற்படைக் கப்பல்கள் பல உடைந்தன. கடலோடிகள் ஆயிரக்கணக்கில் இறந்தனர். பிளிமத் துறைக்கு அப்பாலுள்ள எடிஸ்டோன் பாறையில் நின்ற வெளிச்சவீடு, அதனைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லியோடு ஒரே இரவில் மறைந்தது.

ரொபின்சன் குரூசோவைப் படைத்துப் பிற்காலத்தில் புகழ்பெற்ற டானியல் டீபோ, இப்புயலைக் கண்டவர்களின் வாக்குமூலங்களைக் கடிதங்கள் வாயிலாகத் திரட்டி, 1704இல் 'ஸ்டோர்ம்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். அதிலே கடலோடிகள் வழங்கும் காற்றுச் சொற்களை, அமைதி தொடங்கிப் பெரும்புயல் ஈறாக, 12 படிகளாக வரிசைப்படுத்திக் காட்டியுள்ளார். ஒரு நாவலாசிரியர் செய்த வேலை இது என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனினும் ஒரு குறை இருந்தது. எந்தப் படியில் மற்றப் படி தொடங்குகின்றது என்று துணிய வழியில்லை. ஒரு கப்பற்றலைவருக்குப் 'புதுக் கேல்' ஆக இருப்பது, அச்சமுடைய இன்னொருவருக்குக் 'கடுங் கேல்' ஆகிவிடும்.

அழிந்த வெளிச்சவீட்டின் கதையே இக்குறை தீர்ந்த கதையோடும் இணைகின்றது. எடிஸ்டோன் பாறையில் 1759இல் புதிய வெளிச்சவீட்டைக் கட்டி முடித்தவர் ஜோன் சிமீட்டன் என்னும் பொறியியலாளர். அவர் காற்றாலைகளையும் ஆராய்ந்தவர். காற்றாலையின் சிறகுகள் சுழலும் விதத்தைக் கொண்டு காற்றின் வலிமையைப் படிப்படியாகப் பிரித்தார். அவருடைய படிமுறையைக் கடலுக்குப் பொருத்திப் பார்த்தவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். இவர் இளமையிற் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்தராகச் சென்னையிற் பணியாற்றியவர். பின்னர் பிரித்தானியக் கடற்படையின் முதலாவது கடல்வரைபடத் தலைவரானவர். அவரோடு பழகிய இளம் அதிகாரி ஒருவரின் பெயர் பிரான்சிஸ் பியூபோர்ட்.

அயர்லாந்திற் பிறந்த பியூபோர்ட், 'வுல்விச்' என்ற கப்பலின் தலைவராக இருந்தபோது, 1806 ஜனவரி 13ஆந் திகதி தம் நாட்குறிப்பில், இனிமேற் காற்றின் வலிமையை இந்த அளவின்படியே குறிப்பேன் என்று எழுதி ஒரு பட்டியலை வரைந்தார். அதன் சொற்கள் புதியன அல்ல. காம், பிரீஸ், கேல், ஸ்டோர்ம் எல்லாம் மாலுமிகள் நெடுங்காலம் வழங்கியவையே. அவர் செய்த புதுமை, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, பின்னர் அந்த எண்ணை எல்லோரும் கண்ணாற் காணக்கூடிய ஒன்றோடு கட்டியதாகும்.

அந்த ஒன்று, போர்க்கப்பலின் பாய். எல்லாப் பாய்களையும் விரித்தால் கப்பல் எவ்வளவு வேகமாகச் செல்லும்? எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருட்ட வேண்டும்? எந்தக் காற்றில் ஒன்றிரண்டு பாய்கள் மட்டும் தாங்கும்? எந்தத் துணியும் தாங்காத காற்று எதுவோ அதுதான் 12, அதுதான் ஹரிக்கேன். இப்பொழுது அச்சமுடையவனும் துணிவுடையவனும் ஒரே காற்றை ஒரே பெயராற் சொல்ல வேண்டியவர் ஆயினர். மனிதனின் மனநிலையிலிருந்து சொல்லைப் பிரித்தெடுத்துப் பாயிலே கட்டிவிட்டார் பியூபோர்ட். 1838இல் பிரித்தானியக் கடற்படை இந்த அளவைத் தன் கப்பல்கள் அனைத்துக்கும் விதியாக்கியது.

பாய்க்கப்பலின் காலம் போய் நீராவிக் கப்பலின் காலம் வந்ததும் பாயைக் கொண்டு அளப்பது பொருளற்றதாயிற்று. 1906இல் ஜோர்ஜ் சிம்சன் என்ற வானிலை அறிஞர், நிலத்தில் நிற்பவரும் பயன்படுத்தத் தக்கதாக அதே 12 படிகளுக்கு வேறு அடையாளங்களைக் கொடுத்தார். புகை நேரே எழுந்தால் அமைதி. முகத்திற் காற்றுப் படுவதை உணர்ந்து, இலைகள் சலசலத்தால் 2. தூசியும் காகிதமும் பறந்தால் 4. தந்திக் கம்பிகள் சீழ்க்கையடித்து, குடை பிடிப்பது சிரமமானால் 6. மரங்களின் சிறு கொப்புகள் முறிந்தால் 8. மரங்கள் வேரோடு சாய்ந்தால் 10. இதைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம். முற்றத்தில் நின்று பார்த்தாற் போதும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு செய்தி உண்டு. மேலே கூறிய 6ஆம் படிக்கு ஆங்கிலத்திற் பெயர் 'ஸ்ட்ரோங் பிரீஸ்' என்பது. மணிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று அது. பிரீஸ் என்றால் தென்றல் என்று மனனம் செய்த மாணவன் அதனைப் 'பலத்த தென்றல்' என்று எழுதுவான். குடையைப் பறிக்கும் தென்றலை நம் புலவர் எவரும் கண்டதில்லை!

சொல்லுக்கு அளவு கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லைக் காற்று வருமுன்னரே சொல்ல முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்காகத் தம்மையே வருத்திக்கொண்டவர் ரொபேர்ட் பிட்ஸ்றோய். டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரே. 1831இல் அக்கப்பல் புறப்பட்டபோது பியூபோர்ட்டின் காற்றளவும் அதனோடு சென்றது. 1854இல் பிரித்தானிய அரசு தொடங்கிய வானிலைப் பிரிவுக்குப் பிட்ஸ்றோய் தலைவரானார்.

1859 ஒக்டோபர் 26இல் அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கமும் பயணிகளும் ஏற்றி லிவர்பூல் நோக்கி வந்த 'றோயல் சார்ட்டர்' என்ற கப்பல், வீடு சேரச் சில மணி நேரமே இருந்த நிலையில், வேல்ஸ் கரையிலுள்ள பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். புயல் தென்கரையைத் தொட்டபோதே தந்தி மூலம் வடகரைக்குச் செய்தி அனுப்பியிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்று பிட்ஸ்றோய் வாதாடினார். 1861 பெப்ரவரியிலிருந்து துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கைகள் தந்தியிற் சென்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய முதலாவது வானிலை அறிவிப்பு வெளிவந்தது.

அந்த அறிவிப்புக்குப் பெயரிடுவதில் அவர் காட்டிய கவனம் ஒரு மொழியாசிரியரின் கவனத்துக்கு ஒப்பானது. தீர்க்கதரிசனம் என்றோ சோதிடம் என்றோ எவரும் கருதிவிடக்கூடாது என்று அஞ்சினார். கணித்தும் அவதானித்தும் எட்டிய ஒரு கருத்து மட்டுமே இது என்பதை உணர்த்த 'போர்காஸ்ட்' என்ற சொல்லைத் தேர்ந்தார். நாம் இன்று 'எதிர்வுகூறல்' என்று வழங்குவது இதனையே.

ஆயினும் அவர் அஞ்சியதே நடந்தது. அறிவிப்புத் தவறிய நாள்களைப் பத்திரிகைகள் கேலி செய்தன. சரியாக அமைந்த நாள்களை எவரும் எண்ணவில்லை. விஞ்ஞானிகள் சிலரும் அவரை ஏற்கவில்லை. 1865 ஏப்ரல் 30ஆந் திகதி பிட்ஸ்றோய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். மனச்சோர்வு அவரை நெடுநாளாக வாட்டியது. அடுத்த ஆண்டில் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் அவற்றின் அருமையைக் கடலோரத்து மக்கள் அறிந்திருந்தனர். அவர்களின் கோரிக்கைக்கு இணங்கி 1867இல் அவை மீண்டும் தொடங்கப்பட்டன. 2002இல் பிரித்தானிய வானொலியின் கடல்வானிலை அறிவிப்பிலுள்ள ஒரு கடற்பகுதிக்குப் பிட்ஸ்றோய் என்று பெயரிட்டனர்.

இனி நமது கடலுக்கு வருவோம். சைக்ளோன் என்ற சொல் பிறந்தது வங்காள விரிகுடாவின் கரையில், கல்கத்தா நகரில். வணிகக் கப்பல்களிற் பணியாற்றிய பின் அங்கே குடியமர்ந்த ஹென்றி பிடிங்டன், புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார். பெருங்காற்று நேராக ஓடுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கின்றது என்பதை அமெரிக்காவில் ரெட்பீல்ட் என்பவர் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தார். அவர் 1821ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் மரங்கள் ஓரிடத்தில் ஒரு திசையிலும் வேறோரிடத்தில் எதிர்த்திசையிலும் விழுந்து கிடந்ததைக் கண்டவர். ஆனால் அந்தச் சுழற்சியைப் பெயரிலேயே காட்டும் சொல் இருக்கவில்லை. 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய கைநூலில் பிடிங்டன் அப்பெயரைத் தந்தார். பாம்பின் சுருளைக் கருதி, கிரேக்க மொழியிலிருந்து அவர் ஆக்கிய சொல்லே சைக்ளோன். 1789இல் ஆந்திரக் கரையின் கொரிங்கா துறையை மூன்று பேரலைகளால் அழித்த புயலையும் அவர் இப்பெயர் கொண்டே விளக்கினார்.

கற்றவர் வியக்க ஆக்கிய சொல்லன்று அது. புயலிற் சிக்கிய மாலுமி, தான் ஒரு சுருளுக்குள் நிற்கின்றேன் என்று அறிந்தால், காற்று வரும் திசையைக் கொண்டு மையம் எங்கே என்று கணித்து அதிலிருந்து விலகி ஓடலாம். அந்நூலோடு, வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பதற்கான ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளும் இருந்தன. சொல்லே ஒரு தப்பும் வழியாக அமைந்த அரிய சந்தர்ப்பம் இது.

பிடிங்டனுக்கும் பிட்ஸ்றோயின் அனுபவமே கிட்டியது. சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு முற்பட்டபோது, புயலின் கடற்பெருக்கு அதனை விழுங்கும் என்று 1853இல் தேசாதிபதி டல்ஹவுசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் 1858இற் காலமானார். 1867இல் வந்த புயல் அத்துறையைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. இதற்கிடையில் 1864 ஒக்டோபரில் கல்கத்தாவையே ஒரு சைக்ளோன் தாக்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்ற பின்னர்தான் அங்கு எச்சரிக்கை முறை உருவானது.

சொல்லைக் கேளாமல் விட்டதன் விளைவு அது. சொல்லையே தடுத்து வைத்ததன் விளைவை அமெரிக்க வரலாற்றிற் காணலாம். டோர்னாடோ என்ற சொல்லைக் கேட்டால் மக்கள் பீதியடைவர் என்று கருதி, 1880களின் பிற்பகுதியிலிருந்து 1938 வரை ஐக்கிய அமெரிக்காவின் அரச வானிலைச் சேவை தன் முன்னறிவிப்புகளில் அச்சொல்லைப் பயன்படுத்த விடவில்லை. அந்தக் கால எல்லைக்குள்தான், 1925 மார்ச் 18ஆந் திகதி, மிசூரி, இலினோய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஊடறுத்துச் சென்ற சுழற்காற்று 695 பேரைப் பலிகொண்டது. அன்று அதை எதிர்வுகூறும் அறிவு போதியளவு வளர்ந்திருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டால், அதுபற்றி ஆராயும் ஊக்கமும் குன்றிவிடும் என்று பிற்கால அறிஞர் பலர் எடுத்துரைத்தனர். 1948இல் ஒக்லஹோமாவின் விமானப்படைத் தளம் ஒன்றில் இரு அதிகாரிகள் முதன்முறையாக வெற்றிகரமான டோர்னாடோ முன்னறிவிப்பை வெளியிட்டனர். அடைபட்ட சொல் அதன் பின்னரே மக்கள் செவியை அடைந்தது.

அளவு உறுதிப்பட்ட பின்னும் சொல் வழுக்கியதுண்டு. 1987 ஒக்டோபர் 15ஆந் திகதி இரவும் மறுநாள் விடியலிலும் தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியது. பிரித்தானியாவில் 18 பேர் இறந்தனர். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. அன்று பகல் தொலைக்காட்சியில், ஹரிக்கேன் எதுவும் வரவில்லை என்று நேயர்களுக்கு உறுதி கூறப்பட்டிருந்தது. வெப்பக் கடலிற் பிறக்கும் சுழற்புயலைத்தான் ஹரிக்கேன் என்று கொள்வதானால் அக்கூற்றுப் பிழையன்று. ஆனால் பியூபோர்ட்டின் 12ஆம் படிக்கும் அதுவே பெயர். அந்த வலிமையுள்ள காற்றுச் சில இடங்களில் வீசியது. ஒரே சொல், இரு பொருள். இடையிலே உறங்கிக்கொண்டிருந்த மக்கள்.

இதற்கு மாறாக, பிரித்தானிய வானொலியின் கடல்வானிலை அறிவிப்பிலே ஒரு சொல்லுக்கும் இரு பொருள் இல்லை. எச்சரிக்கையில் 'உடனடியாக' என்று சொன்னால் 6 மணி நேரத்துக்குள் என்று பொருள். 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணி நேரம். 'பின்னர்' என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். இலக்கியத்தில் இவற்றைவிடத் தளர்ச்சியான சொற்கள் இல்லை. கடலிலே இவற்றைவிட இறுக்கமான சொற்கள் இல்லை.

தமிழ் கற்பிக்கும் என்னிடம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "புயலுக்கும் சூறாவளிக்கும் என்ன வேறுபாடு, சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பழந்தமிழிற் புயல் என்பது முகிலையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் உழவனுக்கு வேண்டிய மழையாகவே அது வருகின்றது. வாழ்வித்த சொல் காலப்போக்கில் வதைக்கும் காற்றுக்குப் பெயராயிற்று. சூறாவளியோ, சூறையாடுதல் என்பதிலுள்ள சூறையோடு உறவுடைய சொல். பிறந்த நாளிலிருந்தே அதன் பொருள் கடுமையானது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் சைக்ளோனைப் புயல் என்கின்றன. நம் நாட்டிற் சூறாவளி என்கின்றோம். அவர்களுடைய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நமக்குத் தாழமுக்கம்.

ஆனால் அந்தத் தாழமுக்கம் எந்த வேகத்திற் சூறாவளி என்ற பெயரைப் பெறுகின்றது? நம் கடலில் அதற்குரிய எல்லை மணிக்கு 34 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 62 கிலோமீற்றர். இந்த எண் எங்கிருந்து வந்தது? அது பியூபோர்ட் அளவின் 8ஆம் படி தொடங்கும் இடம். 64 கடல்மைலில் மிகக் கடுஞ் சூறாவளி என்கின்றனர். அது 12ஆம் படி. 1806இல் ஒரு கப்பற்றலைவர் தொடங்கிய அளவின் கோடுகள் இன்றும் நம் வானொலி அறிவித்தலுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தது என் தலைமுறை. 900 பேருக்கு மேல் அதிற் பலியாயினர். தென்னந் தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அதனைக் கண்டவர்களுக்குச் சூறாவளி என்பது அகராதிச் சொல்லன்று. ஆனால் அதைக் காணாத பிள்ளைகள் இன்று வகுப்பறைகளில் இருக்கின்றனர். 'தாழமுக்கம்', 'ஆழ்ந்த தாழமுக்கம்', 'சூறாவளி' என்று வானொலி படிப்படியாகச் சொல்லும்போது, ஒவ்வொரு படியிலும் வீட்டிலே என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது புவியியல் ஆசிரியரின் வேலை மட்டுமன்று, மொழியாசிரியரின் வேலையுமாகும்.

கவிஞனின் கேல் இளங்காற்றாகவே இருக்கட்டும். தென்றலுக்கு எண் போட வேண்டியதில்லை. ஆனால் எச்சரிக்கைக்குரிய சொற்கள் சில உண்டு; அவற்றைச் சொல்பவரும் கேட்பவரும் ஒரே அளவில் விளங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் எழுதுவோரும் வானொலியிற் பேசுவோரும் சாதாரணக் காற்று மழையைச் 'சூறாவளி' என்று சுவைக்காகச் சொல்லாதிருக்க வேண்டும். அரசியற் கூட்டத்துக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் அச்சொல்லை அள்ளி வழங்கினால், உண்மையான சூறாவளி வரும் இரவில், வள்ளத்தை இழுத்துக் கட்டவேண்டிய கடற்றொழிலாளி அச்சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்.